எட்டு என்ன செய்தது?



இவ்வாரம் ஒரு பழக்கத்துக்கு எதிராக எழுதுகிறேன். அது நம் சபைக்குள்ளேயே, நம் பிரசங்க பீடத்திலிருந்தே ஊட்டி வளர்க்கப்பட்ட பழக்கம். ஆகவே பிறரைக் குற்றஞ்சாட்டுமுன் என் குற்றத்தை அறிக்கையிட்டுத் தொடங்குவதே முறை.

2023 டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் நான் பிரசங்கித்ததை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். பிறக்கவிருந்த 2024-ஆம் ஆண்டின் இலக்கங்களைக் கூட்டச் சொன்னேன். 2, 0, 2, 4, கூட்டினால் எட்டு. எட்டாம் நாளில் விருத்தசேதனம், பேழையில் தப்பியவர்கள் எட்டுப் பேர், ஓய்வுநாளுக்கு மறுநாள் உயிர்த்தெழுதல் என்று அடுக்கி, எட்டு புதிய துவக்கத்தின் எண் என்றும், இவ்வாண்டு நமக்குப் புதிய துவக்கம் என்றும் முடித்தேன். சபை உரத்த குரலில் ஆமென் சொல்லியது. அன்றிரவு நான் நிறைவோடு உறங்கினேன்.

மார்ச் மாதத்தில் நம் சபையைச் சேர்ந்த ஒரு தகப்பனார் என்னைக் காண வந்தார். அவருடைய மகளுக்குத் திருமணம் ஏறக்குறைய நிச்சயமாகியிருந்தது. மணமகன் கர்த்தருக்குப் பயந்த பிள்ளை, நல்ல வேலை, இரு குடும்பங்களுக்கும் மனநிறைவு. உறவினர் ஒருவர் இருவருடைய பிறந்த தேதிகளையும் எண் கணித நிபுணர் ஒருவரிடம் கொண்டுபோயிருக்கிறார். மணமகன் பிறந்தது 26-ஆம் தேதி. இரண்டும் ஆறும் எட்டு. எட்டு தடையின் எண், துயரத்தின் எண், இந்தத் திருமணம் ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார். தகப்பனார் அதை முழுமையாக நம்பவில்லை; முழுமையாக உதறவும் முடியவில்லை. என் எதிரே அமர்ந்து கேட்டார்: “ஐயா, அவர் எட்டு ஆகாதுன்னு சொல்றார். நீங்க எட்டு புதிய துவக்கம்னு பிரசங்கம் பண்ணீங்க. ரெண்டு பேர்ல யார் கணக்கு சரி?”

தேதிகளில் அப்படியொன்றும் இல்லை, பயப்படாதீர்கள் என்றேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “அப்ப நீங்க சொன்னது, ஐயா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரங்களுக்குப் பின் அந்தத் திருமணம் நின்றுபோனது. மணமகன் வீட்டாருக்குக் காரணம்கூடச் சொல்லப்படவில்லை. அந்தக் குடும்பத்தின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு இன்று பதில் சொல்லுகிறேன். எங்கள் இருவருடைய கணக்கும் ஒரே கணக்குதான். அவர் அச்சத்தை விற்றார், நான் ஆறுதலை விற்றேன். சரக்கு ஒரே கிடங்கிலிருந்து வந்தது.

அந்தக் கணக்கு உண்மையில் என்ன என்று பாருங்கள். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, மீண்டும் கூட்டி, ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது, அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியே. மீதி இல்லையென்றால் ஒன்பது கிடைக்கும். 26-ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி 8. 2024-ஐ வகுத்தாலும் மீதி 8. நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம், பத்து ஒன்பதைவிட ஒன்று அதிகம் என்பதே இதன் காரணம். இதற்கு மேல் இதில் ஒரு மறைபொருளும் இல்லை.

நாம் ஏன் பத்துப் பத்தாக எண்ணுகிறோம்? நமக்குப் பத்து விரல்கள் இருப்பதால். வாழைப்பழக் கடைக்காரர் டஜன் கணக்கில் எண்ணுகிறார். 26 பழங்கள் அவருக்கு இரண்டு டஜனும் இரண்டும். இரண்டும் இரண்டும் நான்கு. எட்டெட்டாக எண்ணுகிறவருக்கோ அது மூன்று எட்டும் இரண்டும், கூட்டினால் ஐந்து. பழம் ஒன்றுகூடக் குறையவில்லை. எட்டு மட்டும் எங்கே போயிற்று? அந்த எட்டு 26-க்குள் இருந்ததே இல்லை. 26-ஐ நாம் எழுதும் முறையில் இருந்தது. ஆனால் 26 பழங்களை இரு சமபங்குகளாக்கினால் பங்குக்குப் பதின்மூன்று என்பது எந்த முறையில் எழுதினாலும் மாறாது. முன்னது எழுத்தின் இயல்பு, பின்னது எண்ணின் இயல்பு. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் தம்மை எண் கணித நிபுணர் என்று பலகையில் எழுதிக்கொள்கிறார். நாமும் அவரிடம் பிள்ளைகளின் வாழ்க்கையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

நந்தனத்தில் உங்கள் தெருவிலேயே நடந்து பாருங்கள். கதவுகளில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று என்று இரண்டு எண்கள் இருக்கும். மாநகராட்சி எண்களை மாற்றிய நாளில் அந்த வீட்டுக்குள் இருந்தவர்களின் ஆயுளும் வருமானமும் மாறினவா? கூட்டுத்தொகை எட்டு வருகிறது என்று வீடு வாங்க மறுக்கிறவர்கள் பழைய எண்ணைக் கூட்டுகிறார்களா, புதிய எண்ணையா? பிறந்த தேதியும் அப்படியே. ஆங்கில மாதக் கணக்கில் 26 ஆக இருக்கும் நாள் தமிழ் மாதக் கணக்கில் வேறொரு தேதி. ஒவ்வொரு மாதத்திலும் 8, 17, 26 என்று மூன்று நாட்கள் எட்டாகின்றன. நம் சபையில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அந்த நாட்களில் பிறந்திருப்பார்கள். அத்தனை பேரையும் துயரத்தின் பிள்ளைகள் என்று சொல்லப்போகிறோமா?

எனக்கு இதில் இன்னொரு கோபமும் உண்டு. எண் கணிதம் என்பது பள்ளியில் நம் பிள்ளைகள் கற்கும் ஒரு நேர்மையான பாடத்தின் பெயர். அந்தப் பெயரையே இவர்கள் களவாடிவிட்டார்கள். இது புதிய களவும் அன்று. பரிசுத்த அகுஸ்தீனுடைய காலத்து இலத்தீனில் கணிதர் என்ற சொல் பெரும்பாலும் சோதிடரையே குறித்தது. கிறிஸ்தவர்கள் கணிதரிடம் எச்சரிக்கையாய் இருக்கவேண்டும் என்று அவர் எழுதியது அந்தச் சோதிடரைப் பற்றியே. உண்மையான எண்களை அவர் நேசித்தார்.

உண்மையான எண் கணிதம் எப்படியிருக்கும் என்று காட்ட நம் ஊரிலேயே ஒருவர் வாழ்ந்தார். நந்தனத்தில் மெட்ரோ ஏறி உயர்நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால் சற்றுத் தொலைவில் துறைமுகம். 1912-இல் அந்தத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தவர் சீனிவாச இராமானுஜன். அடுத்த ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1915-இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டார். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது அந்த ஆய்வுக்காகவே.

அக்கட்டுரையின் பொருளைப் பள்ளிப் பிள்ளையும் புரிந்துகொள்ளலாம். 12-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு. 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்ட எண்களை இராமானுஜன் ஆராய்ந்தார். 24, 60, 360 ஆகியவையும் அத்தகையவை. நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், நம் முன்னோர் கணக்கில் நாளுக்கு 60 நாழிகை, வட்டத்துக்கு 360 பாகை. பலவாறு பங்கிட வசதியான எண்கள் இவை.

இத்தகைய எண்களை இராமானுஜன் வரிசையாகக் கண்டுபிடித்து அட்டவணையிட்டார். கணிப்பொறி இல்லாத காலம். அட்டவணையில் 102 எண்கள். கடைசி எண் 6746328388800. அதாவது ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரம் கோடிக்கும் மேல். அத்தனை தூரம் நடந்த அந்த மனிதர் வழியில் ஒரே ஓர் எண்ணைத் தவறவிட்டார். அந்த எண் 293318625600.

இதை வாசித்துக் கடந்துபோகாமல் பென்சிலை எடுங்கள். இது 29331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. நம் ஆதார் எண்ணைப் போலப் பன்னிரண்டு இலக்கம். 2-ஐ ஆறு முறை, 3-ஐ நான்கு முறை, 5-ஐ இரண்டு முறை, 7-ஐ இரண்டு முறை, 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறை பெருக்கினால் இந்த எண் வரும். இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடவில்லை. சிறியவை அதிக முறை, பெரியவை குறைந்த முறை. இத்தகைய எண்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒழுங்கு கட்டாயம் என்று இராமானுஜன் நிறுவினார். காரணமும் எளிது. சிறிய பகா எண் இருக்க வேண்டிய இடத்தில் பெரியதை வைத்தால் காரணிகளின் எண்ணிக்கை அதிகரிக்காது, எண் மட்டும் வீணாகப் பெருத்துவிடும்.

காரணிகளை எண்ணுவதற்கும் வழியுண்டு. ஒரு காரணியில் 2 ஒருமுறைகூட இல்லாமலும் இருக்கலாம், ஆறு முறை வரையும் இருக்கலாம். ஆக ஏழு வாய்ப்புகள். 3-க்கு ஐந்து, 5-க்கு மூன்று, 7-க்கு மூன்று, மற்ற நான்கு பகா எண்களுக்கும் இரண்டிரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 5040. தவறவிடப்பட்ட அந்த எண்ணுக்கு 5040 காரணிகள். அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இன்னொன்றும் பாருங்கள். அதை அடுத்த பகா எண்ணாகிய 23-ஆல் பெருக்கினால் இராமானுஜனுடைய அட்டவணையின் கடைசி எண்ணே வருகிறது.

இங்கே ஒரு பிரசங்கியாகிய எனக்கு வரும் சோதனையை மறைக்கமாட்டேன். அந்த எண்ணுக்கு 5040 காரணிகள். 5040-க்கு 60 காரணிகள். 60-க்கு 12. பன்னிரண்டு! பன்னிரு கோத்திரம், பன்னிரு அப்போஸ்தலர்! பகுக்கப்படுவதில் பெருமை கொள்ளும் எண், பிட்கப்பட்ட அப்பம், தவறவிடப்பட்டுப் பின் கண்டெடுக்கப்பட்டது! மூன்று தலைப்புகளில் ஒரு பிரசங்கம் ஆயத்தம். நீங்களும் ஆமென் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அந்த எண் இவற்றில் எதையும் சொல்லவில்லை. தனக்கு 5040 காரணிகள் என்பதை மட்டுமே அது சொல்லுகிறது. மற்றவை நான் அதன் வாயில் திணித்த வார்த்தைகள். அவ்வார்த்தைகள் பக்தியானவையாக இருப்பதால் திணித்த குற்றம் நீங்கிவிடாது.

இராமானுஜன் தவறவிட்டார் என்பதை நாம் எப்படி அறிகிறோம்? அவர் சொன்னதைச் சரிபார்க்க முடியும் என்பதால். தம் இலக்கணத்தை அவர் தெளிவாக எழுதிவைத்தார், பின்னால் வந்தவர்கள் அதே இலக்கணத்தைக் கொண்டு எண்ணினார்கள், ஓர் எண் விடுபட்டது தெரிந்தது, சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய பெருமை ஒரு மயிரளவும் குறையவில்லை. இப்போது அந்த நிபுணரிடம் போய், உம்முடைய கணக்கில் பிழை இருந்தால் நான் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேளுங்கள். 26-ஆம் தேதி பிறந்தவர் நன்றாக வாழ்ந்தால் பெயரின் கூட்டுத்தொகை காத்தது என்பார். துன்பப்பட்டால் பார்த்தீர்களா என்பார். எது நடந்தாலும் அவர் சொன்னதே சரி. என் நள்ளிரவுப் பிரசங்கமும் அப்படியே. 2024-இல் யாருக்கு என்ன நேர்ந்திருந்தாலும் அதைப் புதிய துவக்கம் என்று சொல்லியிருப்பேன். பிழையாக இருக்க வாய்ப்பே இல்லாத பேச்சில் உண்மையாக இருக்கவும் எதுவும் இல்லை.

இராமானுஜனும் பக்தர்தானே, நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளால் தமக்குக் கணிதம் தோன்றியது என்று சொன்னவர்தானே என்று சிலர் கேட்பீர்கள். ஆம், சொன்னார், அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் கவனியுங்கள். அவருடன் உழைத்த ஹார்டி கடவுள் நம்பிக்கையே இல்லாதவர். 5040 என்ற விடை அந்த வைணவருக்கும் அந்த நாத்திகருக்கும் இந்தக் கிறிஸ்தவப் போதகனுக்கும் ஒன்றே. எட்டோ, அந்த நிபுணருக்குச் சாபம், எனக்கு ஆசீர்வாதம். எது எண்ணிலிருந்து வந்தது, எது எண்ணுகிறவனிடமிருந்து வந்தது என்பதை அறிய இதைவிட வேறென்ன சோதனை வேண்டும்?

இராமானுஜன் இலண்டனில் நோயுற்றுக் கிடந்தபோது நடந்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவரைக் காண வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தெரிகிறது என்றும் சொன்னார். இந்தக் கதையைத் திரும்பச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு: அது அபசகுனமாக இராதென்று நம்புவதாகவும் ஹார்டி சொன்னார். அதற்கு அந்த நோயாளி சகுனத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அது என்றார். 1-இன் கனமும் 12-இன் கனமும் 1, 1728. 9-இன் கனமும் 10-இன் கனமும் 729, 1000. இரண்டும் 1729. மரணம் அருகில் நின்ற ஒரு மனிதர் சகுனப் பேச்சுக்கு எண்ணின் உண்மையைக்கொண்டு பதிலளித்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் தமது 32-ஆம் வயதில் அவர் மறைந்தார். அந்தத் தேதியைக் கண்டு உங்களில் யாராவது மீண்டும் இரண்டையும் ஆறையும் கூட்டுவீர்களானால், இதுவரை நான் எழுதியதைத் தயவுசெய்து மறுபடியும் வாசியுங்கள்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். அமெரிக்காவில் ஹரால்ட் கேம்பிங் என்ற வானொலிப் போதகர் இருந்தார், பொறியியல் கற்றவர். கர்த்தர் சிலுவையில் அறையுண்டது கி.பி. 33 ஏப்ரல் 1 என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து 722500-ஆம் நாளைக் கணக்கிட்டார். ஐந்து மீட்பின் எண், பத்து நிறைவின் எண், பதினேழு பரலோகத்தின் எண். மூன்றையும் பெருக்கினால் 850. 850-ஐ 850-ஆல் பெருக்கினால் 722500. ஆகவே 2011 மே 21 நியாயத்தீர்ப்பின் நாள் என்று அறிவித்தார். பெருக்கலில் பிழையே இல்லை. 722500 உண்மையாகவே 850-இன் வர்க்கம். அதை நம்பி வேலையை விட்டவர்களும் உண்டு. சேமிப்பைச் செலவழித்தவர்களும் உண்டு. நாள் வந்தது, போனது. பிறகு அக்டோபர் 21 என்றார், அதுவும் போனது. அடுத்த ஆண்டு, நாள் குறித்தது பாவம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்று கர்த்தர் சொன்னதை அவர் நூறு முறையாவது வாசித்திருப்பார். எண்ணின் அழகு அவரை மயக்கிவிட்டது. எண்ணின் இயல்பு மெய்யாக இருந்தால் அதன்மேல் ஏற்றிய பொருளும் மெய்தான் என்று எண்ணிக்கொண்டார். நானும் அதே வழியில்தான் நடந்தேன். என் கணக்கு சிறியது என்பதே வித்தியாசம்.

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் வரும் 153 மீன்களைப் பற்றி எத்தனை பிரசங்கங்கள்! 1 முதல் 17 வரை கூட்டினால் 153. அகுஸ்தீனும் இதைக் கண்டு மகிழ்ந்தார். 1, 5, 3 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 153. அருமையான இயல்புகள். ஆனால் 370, 371, 407 ஆகிய எண்களும் தத்தம் இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால் தாமே கிடைப்பவை. 370-ஐப் பற்றி யாரும் பிரசங்கிப்பதில்லையே! மீன் பிடிக்கிறவர்கள் பிடித்ததை எண்ணுவார்கள். எண்ணியதை நேரில் கண்டவர் எழுதிவைத்தார். எனக்கு அது போதும்.

வெளிப்படுத்தின விசேஷத்தின் 666-ஐக் கொண்டு நாம் ஒருவரையொருவர் பயமுறுத்தியதற்குக் கணக்கே இல்லை. கடைகளின் பார்கோடு, பிறகு ஆதார், பிறகு தடுப்பூசி. அந்த எண்ணைச் சில பழைய கையெழுத்துப் பிரதிகள் 616 என்று தருகின்றன என்பதை எத்தனை பேர் அறிவீர்கள்? இரண்டாம் நூற்றாண்டின் பேராயர் இரேனியு இதை அறிந்திருந்தார். 666 என்பதே சரியென்று வாதிட்ட அவர்கூட, அதற்கு ஒரு பெயரை அவசரப்பட்டுச் சூட்டாதீர்கள் என்று எச்சரித்தார். நாம் பயந்த அந்த ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் என்ன செய்கிறது தெரியுமா? மற்றப் பதினோரு இலக்கங்களிலிருந்து கணக்கிடப்பட்டு, எழுதும்போது ஓர் இலக்கம் பிசகினாலோ, அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலோ காட்டிக்கொடுக்கிறது. பிழை கண்டுபிடிக்க வைத்த இலக்கத்தை நாம் மிருகத்தின் முத்திரை என்றோம்.

வேதத்தில் ஏழும் பன்னிரண்டும் நாற்பதும் பொருளோடு வரவில்லையா என்று கேட்பீர்கள். வருகின்றன. அந்தக் காலத்து வாசகர் யாவரும் அறிந்த பொருளோடு, வெளிச்சத்தில் வருகின்றன. பன்னிரண்டு என்றால் இஸ்ரவேலின் கோத்திரங்கள் என்று புரிந்துகொள்ள யாரும் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை. அவற்றைக் கொண்டு எந்தத் தேதியில் பிறந்தவனை மணக்கலாம், எந்த வீட்டை வாங்கலாம் என்று எந்தத் தீர்க்கதரிசியும் சொன்னதில்லை. நாள் பார்க்கிறதையும் குறி கேட்கிறதையும் நியாயப்பிரமாணம் விலக்கியிருக்கிறது. அதையே வேத வசனத்தின் உறையில் சுற்றிக் கொடுத்தால் விலக்கு நீங்கிவிடுமா?

ஒரு சிறிய உற்சாகத்துக்காகச் சொல்வதில் என்ன தீங்கு என்றும் சிலர் கேட்கலாம். தீங்கு என்னவென்று எனக்குத் தெரியும். அது என் எதிரே நாற்காலியில் வந்து அமர்ந்தது. எண்களுக்கு நம் வாழ்வின்மேல் அதிகாரம் உண்டு என்று நான் பீடத்திலிருந்து கற்பித்தேன். அந்த அதிகாரம் நல்லதா கெட்டதா என்பதை மட்டும் அந்த நிபுணர் மாற்றினார். கதவைத் திறந்துவைத்தவன் நான்.

ஆகவே சில தீர்மானங்களைச் சொல்லுகிறேன். இனி நம் பீடத்தில் எந்த ஆண்டின் இலக்கங்களும் கூட்டப்படமாட்டா. நானே கூட்டினால் மூப்பர்கள் என்னைக் கண்டிக்கட்டும். தேதிக்காகவும் கூட்டுத்தொகைக்காகவும் நல்ல சம்பந்தத்தை நிறுத்த நினைக்கிறவர்கள் முதலில் என்னிடம் வாருங்கள். உங்களோடு அமர்ந்து ஒன்பதால் வகுத்துக் காட்டுகிறேன். பிள்ளையின் பெயரில் ஆங்கில எழுத்தொன்றைக் கூட்டியோ குறைத்தோ எழுத நினைக்கிறவர்கள், அந்த எழுத்துக்கு அந்த மதிப்பைக் கொடுத்தது யார், அது தவறென்றால் எப்படித் தெரியும் என்ற இரண்டு கேள்விகளையாவது கேளுங்கள். எண்களைக் கண்டு பயப்படும் பிள்ளைகளை வளர்க்காதீர்கள். ஒரு மாலையில் அவர்களை அருகில் அமர்த்தி 293318625600-ஐ 2-ஆல், 3-ஆல், 5-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். கடைசியில் 19 வந்து நிற்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

கடைசியாக அந்த 26. 25 என்பது ஐந்தின் வர்க்கம். 27 என்பது மூன்றின் கனம். இவ்விரண்டுக்கும் நேர் நடுவில் நிற்கிறது 26. ஒரு வர்க்க எண்ணுக்கும் ஒரு கன எண்ணுக்கும் இடையில் இப்படி அகப்பட்டு நிற்கும் எண் முடிவற்ற எண்வரிசையில் இது ஒன்றே. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்துப் பெர்மா இதைச் சொன்னார். பிற்காலத்தார் ஐயமற நிறுவினார்கள். அந்தத் தகப்பனார் மறுபடி வந்தபோது இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, “அப்ப அது நல்ல எண்ணா, ஐயா?” என்றார்.

நல்ல எண்ணும் அன்று, கெட்ட எண்ணும் அன்று என்றேன். அந்த இயல்பு அந்த வாலிபனை நல்ல கணவனாக்காது. அந்த எட்டு அவனைக் கெட்ட கணவனாகவும் ஆக்காது. அவன் எப்படிப்பட்டவன் என்று அறிய நமக்கு ஒரு வழி இருந்தது. அவனோடு பேசியிருக்கலாம், அவன் சபையில் விசாரித்திருக்கலாம், உம்முடைய மகளையே கேட்டிருக்கலாம். அவற்றை விட்டுவிட்டு நாம் இரண்டையும் ஆறையும் கூட்டிக்கொண்டிருந்தோம்.

எண்ணைப் படைத்தவர் அதைப் பொய் சொல்லாததாகப் படைத்தார். அதைப் பொய் சொல்லவைத்த என்னை அவர் மன்னிப்பாராக. அந்தக் குடும்பமும், காரணம் அறியாமல் திருப்பியனுப்பப்பட்ட அந்த வாலிபனும் என்னை மன்னிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்.

உங்கள் ஜெபங்களில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்